முதலில் கை, பிறகு கால்

ஜெய்னப் பீவிக்குத் தசைத் தேய்வு எதுவும் இல்லை என்று மதிப்பீட்டு நிலையத்தார் அறிவித்தபோது, அவளை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவர் அவளுடைய கணவர் ரஃபியுதீன். இன்னொருவர் அந்த அறிவிப்பைச் செய்த மதிப்பீட்டு அலுவலர் அன்பரசு. பிடியை விட்டால் அவள் கீழே விழுந்துவிடுவாள் என்பது அன்பரசுவுக்கும் தெரியும். ஆனால் அது அவருடைய வேலை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் ‘தானே’ புயல் கூரைகளை வாரிக்கொண்டு போன கையோடு ஜெய்னப்புக்குக் காய்ச்சல் கண்டது. கரண்டு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, மருந்துக் கடையில் மருந்தும் இல்லை. வாரக் கணக்கில் கட்டிலிலேயே கிடந்தாள். ஒருவழியாகக் காய்ச்சல் போனது. போகும்போது கால்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அதுவரை கடைத்தெருவுக்குப் பின்னால் விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து விற்றவள் அவள். கல்யாணமான வருஷத்திலிருந்து அறுபத்தாறு வயது வரை ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அப்படிப்பட்டவள் இப்போது கட்டிலிலிருந்து எழ ஜன்னல் கம்பியையும், கழிப்பறைக்குப் போகச் சுவரையும், திரும்பி வர ரஃபியுதீனையும் பிடிக்க வேண்டியிருந்தது. ரஃபியுதீனுக்கு எழுபது வயது. அவரைப் பிடிக்க ஆள் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் துபாயில் இருந்தபடி, "உம்மாவ நல்லாப் பாத்துக்குங்க வாப்பா" என்று வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் சொன்னார்கள்.

ஒரு நாள் சாயங்கால அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனவர், யாரோ பேச்சுக் கொடுத்ததில் தாமதமாகத் திரும்பினார். வீட்டில் ஜெய்னப் தொழுகைப் பாயில் நெற்றியை வைத்தபடியே இருந்தாள். அவருக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்த் தோளைத் தொட்டார்.

"என்னா புள்ள, எவ்ளோ நேரமா இப்டிக் கெடக்குற?"

"சஜ்தாவுக்குப் போனேன் மச்சான். எழுந்திரிக்க முடியல. சரி, போன எடத்துலயே இருப்போம்னு அல்லா பேரச் சொல்லி திக்ரு ஓதிக்கிட்டு இருந்தேன்."

அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு அவர் சுவரில் சாய்ந்து அழுதார். நாற்காலியில் உட்கார்ந்து தொழு, அதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று கெஞ்சினார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அது முடியாதவுங்களுக்கு மச்சான். நான் முடியாதவளா போய்ட்டேன்னு இன்னும் யாரும் சொல்லலியே? நோன்புக்குள்ள நான் நின்னு தொழணும்."

உள்ளூர் டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தசை கரைஞ்சுபோச்சு பாய். இது மாத்திரைக்கு அடங்காது. கம்பியப் புடிச்சு நிக்க வச்சு, பக்கத்துல ஆள் இருந்து தினம் பயிற்சி குடுக்கணும். இப்ப விட்டா அப்புறம் படுக்கைதான். சிதம்பரத்துல பெருசா ஒரு நிலையம் தொறந்திருக்காங்க. அங்க எல்லா வசதியும் இருக்காம், போங்க."

வசதி இருந்தது உண்மைதான். முதியோர் தசை மதிப்பீட்டு உயர் நிலையம் என்ற அந்தக் கட்டடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது கண்ணாடிக் கதவு போட்ட பயிற்சி அறை. உள்ளே பிடித்து நடக்க இரண்டு பக்கமும் பளபளப்பான கம்பிகள், ஏறி இறங்க மரப்படி, விழுந்தாலும் அடிபடாத நீல மெத்தை. எதிலும் பாலித்தீன் உறை பிரிக்கப்படவில்லை. ஜெய்னப் கண்ணாடியில் கை வைத்து அந்தக் கம்பிகளையே பார்த்தாள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

அறைக்குள் போக ஒரு வழி இருந்தது. நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ஞானசேகரன் அந்த வழியை வெளிநாட்டு மாநாடு ஒன்றிலிருந்து நேரில் போய்க் கொண்டுவந்திருந்தார். முதலில் கைப்பிடி பலம். கை பலவீனம் என்று தெரிந்தால், பிறகு நடை வேகம். நடையும் மெதுவாக இருந்தால், பிறகு தசையின் அளவு. மூன்றிலும் தோற்றவர் மட்டுமே நோயாளி. நோயாளிக்கு மட்டுமே பயிற்சி அறை. வரிசையை மாற்றக் கூடாது, தாண்டவும் கூடாது.

அன்பரசு ஒரு இரும்புக் கருவியை ஜெய்னப்பின் கையில் கொடுத்தார். "பாயம்மா, இத உங்களால எவ்ளோ முடியுமோ அவ்ளோ பலமா அமுக்குங்க."

"ஒடைஞ்சிராதா தம்பி?"

"ஒடையாது, ஃபாரின் ஐட்டம்."

அவள் பிஸ்மில்லா சொல்லி அமுக்கினாள். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அன்பரசு கருவியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி கொடுத்தார். மறுபடியும் அதே இடம். நிலையம் திறந்த நாளிலிருந்து எந்தப் பெண்ணும், பெரும்பாலான ஆண்களும் தொடாத இடம் அது. அத்தனை வருஷம் மாவை அச்சில் வைத்துப் பிழிந்த கை அவ்வளவு சுலபமாக ஓய்ந்துவிடுமா?

"ரொம்ப ஆரோக்கியம்" என்றார் அன்பரசு. "நீங்க போலாம்."

ரஃபியுதீனுக்குப் புரியவில்லை. "சார், இவளுக்குக் கை நோவு இல்ல. காலுதான்."

"தெரியுது பாய். ஆனா கை பாஸாயிட்டா காலப் பாக்கக் கூடாது."

"காலப் பாக்காமலே கால் நல்லாருக்குன்னு எப்டி சார்?"

"கை நல்லாருந்தா ஒடம்பே நல்லாருக்குன்னு அர்த்தம். ஒலகம் பூரா அப்டித்தான்."

"ஒலகம் பூரா இடியாப்பம் பிழியறாங்களா சார்?"

இந்தக் கேள்விக்கு வழிமுறையில் பதில் இல்லாததால் அன்பரசு ஜெய்னப்பை எழுப்பி நிறுத்த உதவினார். அறிவிப்பு செய்யப்பட்டது அப்போதுதான்.

வெளியே பெஞ்சில் பழனிவேல் என்ற நெல்லிக்குப்பத்துக்காரர் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருந்தார். சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கிய ஆள். கை சோதனையில் வெற்றிகரமாகத் தோற்றுவிட்டார். அதனால் நடைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் கெட்டது. அதிகாரி ஒருத்தர் கையில் கடிகாரத்தோடு நின்று "நடங்க" என்றால், ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் அதற்கு என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தில் அவர் எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதிகாரியைக் காக்கவைக்கக் கூடாதே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஆனால் கோடு தாண்டிய பிறகு விழுவது கணக்கில் சேராது. நடை மிகச் சிறப்பு என்று அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

"எம் பின்னால வந்தவரால எழுந்து நிக்கவே முடியல பாய்" என்றார் பழனிவேல். "அவர உள்ள வுட்டுருப்பாங்கன்னுதான நெனைக்கறீங்க? அதான் இல்ல. நடந்தாத்தான் வேகம் தெரியுமாம். நடக்காதவனுக்கு வேகமே கெடையாதாம். வேகம் இல்லாம மெதுவுன்னு எப்டி சொல்றதுன்னு கேக்கறாங்க."

ரஃபியுதீன் அன்றே இயக்குநர் அறையின் முன் போய் நின்றார். டாக்டர் ஞானசேகரன் கெட்டவர் இல்லை. எழுந்து வந்து கை குலுக்கி, தேநீர் சொல்லி, பொறுமையாக விளக்கினார்.

"பாய், வைத்தியம் யார் வேணா பண்ணலாம். நாட்டு மருந்துக் கடக்காரன்கூடப் பண்றான். அளக்குறதுக்குத்தான் படிப்பு வேணும். இங்க நாங்க அளக்குறோம்."

"அளந்தப்புறம் சார்?"

"அளந்தப்புறம் அளந்தாச்சு."

"சார், அந்த ரூம்ல ஒரு மாசம் அவள நிக்க வச்சாப் போதும்னு எங்கூரு டாக்டர் சொல்றாரு. பெரிய மனசு பண்ணுங்க."

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "சரி, உள்ள விட்டேன்னு வச்சுக்குவோம். என்ன ஆகும்? நடந்துருவாங்க. நாளைக்கு வெளிநாட்டுக்காரன் வந்து எப்டி நடந்தாங்கன்னு கேட்டா, நோயே இல்லாதவங்க கொணமாயிட்டாங்கன்னா நான் சொல்றது? நிலையத்தோட பேர் என்னாகும்? உங்க சம்சாரத்துக்குக் கை கொஞ்சம் பலவீனமாகட்டும். அப்ப கூட்டிட்டு வாங்க. நானே பாத்துக்கறேன்."

"கை எப்ப சார் பலவீனமாகும்?"

"படுத்த படுக்கையா இருந்தா சீக்கிரமே ஆயிடும். கவலப்படாதீங்க."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளிக் கிண்டலும் இல்லை. உண்மையான ஆறுதலாகத்தான் சொன்னார். ரஃபியுதீனுக்கும் வாய் தன்னையறியாமல் நன்றி சொல்லிவிட்டது. படி இறங்கிய பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நிலையத்திலிருந்து மறு மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டபோது, இருவரும் மறுபடி பஸ் ஏறினார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் ரஃபியுதீன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாக ஆரம்பித்தார்.

"ஜெய்னு, இன்னிக்கி அத லேசா அமுக்கு."

"லேசான்னா?"

"பூவப் புடிக்கிற மாதிரி. முக்கற மாதிரி மூஞ்சிய வச்சுக்க. கை மட்டும் சும்மா இருக்கட்டும்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பலமா அமுக்குன்னு சொல்றாங்க. நான் லேசா அமுக்கிட்டு இதான் என் பலம்னு நிக்கணுமா? அல்லா குடுத்தத இல்லேன்னு சொல்லச் சொல்றீங்களா மச்சான்?"

"ஒரு வாட்டிதான் புள்ள. உள்ள போயிட்டா நீ நடந்துருவ."

"நடந்து? பொய் சொல்லி வாங்குன கால்ல நின்னு தொழுதா அந்தத் தொழுக கூடுமா?"

"நான் செத்துட்டா உன்ன யாரு தூக்குவா?" அவர் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ரஃபியுதீன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெய்னப் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். புதுச்சத்திரம் தாண்டியும் விடவில்லை. அந்தப் பிடியின் அழுத்தத்திலேயே இன்றைய முடிவு என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நினைத்ததைவிட மோசமாகவே போனது. கால் ஓய்ந்த நாளிலிருந்து அவள் கம்பியையும் கதவையும் சுவரையும் பிடித்துத்தான் உடம்பை இழுத்துக்கொண்டிருந்தாள். காலின் வேலையையும் சேர்த்துப் பார்த்த கை, முன்பைவிட முறுக்கேறியிருந்தது. முள் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. கால் போகப் போக, நிலையத்தின் கணக்கில் ஜெய்னப்பின் ஆரோக்கியம் ஏறிக்கொண்டே வந்தது.

அன்பரசு கருவியோடு இயக்குநர் அறைக்கு ஓடினார். அன்று முழுக்க நிலையத்தில் ஒரே பரபரப்பு. சாயங்காலம் இயக்குநரே வெளியே வந்து ஜெய்னப்பின் முன் கும்பிட்டு நின்றார்.

"அம்மா, நீங்க எங்களுக்குக் கெடச்ச பொக்கிஷம். இதுவரைக்கும் எத்தனையோ பேர அளந்துட்டோம். ஒருத்தருக்குக்கூட நோய் இல்ல. கடலூரத் தசைத் தேய்வு இல்லாத மாவட்டம்னு அறிவிக்கப்போறோம். விழால உங்களுக்குத்தான் பொன்னாடை."

"பொன்னாட இருக்கட்டும் சார், அந்த ரூம்..." என்று ரஃபியுதீன் வாயெடுத்தார்.

"விழா அன்னிக்கு ரூமையும் தொடச்சு வைக்கச் சொல்றேன் பாய். எல்லாரும் கண்ணாடி வழியா பாக்கட்டும்."

ரஃபியுதீனுக்கு அந்த விழாவுக்குப் போகக் கூசியது. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெய்னப் இப்போது கழிப்பறைக்குள்ளேயே இரண்டு முறை விழுந்திருந்தாள். இரண்டாவது முறை அவளைத் தூக்கப் போன அவரும் கூடவே விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இருவரையும் எடுத்தார்கள். அடுத்த முறை எலும்பு முறியும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிலையில் பலசாலி என்று பட்டம் வாங்கவா?

"போவோம் மச்சான்" என்றாள் ஜெய்னப். "நாலு பெரிய மனுஷங்க வருவாங்க. யாரு கண்ணுலயாச்சும் படுவேன்."

நிலையத்து வாசலில் பந்தல். மேடைக்கு உயரமான படி வைத்திருந்தார்கள். மாவட்டத்திலேயே வலிமை மிக்க மூதாட்டி என்று ஒலிபெருக்கியில் ஜெய்னப்பின் பெயர் முழங்கியபோது, நான்கு ஊழியர்கள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மேடையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியின் ஒரு கால் படியில் இடித்தது. கூட்டம் கை தட்டியது. இதில் ஏதோ இடிக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் தட்டினார்கள்.

சென்னையிலிருந்து வந்த உயர் அதிகாரி பொன்னாடை போர்த்தினார். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நோய வைத்தியத்தால ஒழிக்கணும்னு உலகம் பூராப் பாடுபடறாங்க. நாங்க மதிப்பீட்டாலயே ஒழிச்சிருக்கோம். மத்த எடத்துல நோயாளி உள்ள வர்றான், கொணமாகி வெளிய போறான். இங்க உள்ள வர்றப்பவே ஆரோக்கியமா அனுப்பிடறோம்! எங்க பயிற்சி அறையப் பாருங்க. ஒரு கீறல் இல்ல. ஒரு அழுக்கு இல்ல. இந்த மாவட்டத்து முதியோரோட உடல்நலத்துக்கு இதவிடச் சாட்சி என்ன வேணும்?"

அதிகாரி ரசித்துத் தலையாட்டினார். கடைசியில் நாட்டுப்பண் போட்டார்கள். பந்தல் முழுக்க எழுந்து விறைத்து நின்றது. மேடையும் எழுந்தது. ஜெய்னப் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் முகம் மாறியது. அதைப் பார்த்து இயக்குநரின் முகம் வெளிறியது. பாட்டு நடக்கும்போது அசையவும் முடியாது, பேசவும் முடியாது. கூட்டத்தின் முன்வரிசையில் ரஃபியுதீன் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்த் தூக்க வேண்டும், ஓடவும் கூடாது.

ஜெய்னப்பும் எழத்தான் பார்த்தாள். எல்லாரும் மரியாதைக்கு நிற்கும்போது உட்கார்ந்திருக்க அவளுக்கு உடம்பு கூசியது. நாற்காலியின் கைப்பிடியை அழுத்தினாள், அது வளைந்தது. பக்கத்தில் பார்த்தாள். டாக்டர் ஞானசேகரனின் வலது கை விறைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தாள்.

பிடித்து இழுத்து, ஆடி, முழங்கால் வெடவெடக்க, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தாள். இயக்குநரின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. பாட்டு முடிந்தபோது ஜெய்னப் நின்றுகொண்டிருந்தாள். பந்தல் அதிர்ந்தது.

"பிரமாதம்" என்றார் அதிகாரி.

"கைய விடுங்கம்மா" என்றார் இயக்குநர் சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"விட்டா விழுந்துருவேன் சார்."

"பின்னாலதான் நாற்காலி இருக்கு. உக்காருங்க."

"உக்காந்தா மறுபடி எப்ப சார் எழுந்திரிப்பேன்? நோன்பு வருது."

"பாயம்மா, இது சபை..."

"தெரியும் சார். சபையிலதான் என் கை நல்ல கைன்னு சொன்னீங்க. நான் பொய் சொல்லல. நீங்களும் சொல்லல. அந்தக் கண்ணாடி ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க கம்பி இருக்கு. அதப் புடிச்சுக்கிட்டு உங்கள விட்டுர்றேன்."

இயக்குநர் கையை உதறிப் பார்த்தார். அது நடக்கிற காரியம் இல்லை; அந்தப் பிடியின் பலத்தை அளந்து சொன்னவரே அவர்தான். அதிகாரி ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்தாரோ என்னவோ, வழிவிட்டு ஒதுங்கினார். ரஃபியுதீன் ஓடிவந்து மறுபக்கம் தாங்கினார். மூன்று பேரும் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார்கள். போட்டோக்காரர் முன்னால் நடந்தபடியே படம் எடுத்தார்.

கண்ணாடிக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

"சாவி!" என்றார் இயக்குநர்.

அன்பரசு சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "தகுதியானவுங்க யாரும் வராததால சாவிக்கு வேலையே வரல சார். எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல."

"பூட்ட ஒடைங்கய்யா!"

"ஒடைக்கணும்னா கமிட்டி கூடணும் சார். அதுக்கு முன்னால இவுங்க கை மதிப்பீட்டுல தோத்திருக்கணும்."

"எங் கை போகுதுய்யா!" டாக்டர் ஞானசேகரனின் கத்தல் பந்தல் வரைக்கும் கேட்டது. விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. ஊழியர்கள் திசைக்கொருவராக ஓடினார்கள். ஒருவர் சுத்தியல் தேடினார், ஒருவர் கமிட்டி உறுப்பினரைத் தேடினார்.

ரஃபியுதீன் மனைவியைப் பார்த்தார். தானே புயல் அடித்த பிறகு அவள் இவ்வளவு நேரம் நின்று அவர் பார்த்ததில்லை. முழங்கால்கள் நடுங்கின. முகமெல்லாம் வியர்வை. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஜெய்னப் இயக்குநரின் பக்கம் திரும்பி, ஆறுதலாகச் சொன்னாள்:

"அவசரமில்ல சார். மெதுவாத் தேடட்டும். நான் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."